கத்திரிக்குப் போன நிமிடங்கள்

திகில் படங்களை ஒரு நொடிகூடக் குறைக்காமல் வீட்டுத் திரைக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை வீடியோ கேசட்டோடு பிறந்தது. திரையரங்கு மட்டுமே இருந்த காலத்தில், படத்தில் ஒரு காட்சி வெட்டப்பட்டிருக்கிறதா என்பது பார்வையாளருக்குத் தெரிய வழியில்லை. படப்பெட்டி ஊரைவிட்டுப் போய்விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது. கேசட் வந்த பிறகு, ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்து ஓட்டி, எந்த இடத்தில் எத்தனை நொடி காணாமற்போயிற்று என்று எண்ண முடிந்தது. கணக்கு தெரிந்ததும் கேள்வியும் வந்தது. இந்தக் கேள்வி பிரிட்டனில் அரசையும் சட்டத்தையும் நோக்கி எழுந்தது. அமெரிக்காவில் படக் கம்பெனிகளை நோக்கி. இரண்டு இடத்திலும் கிடைத்த முடிவு ஒன்றல்ல.

பிரிட்டனில் திரைப்படத் தணிக்கைக் குழு 1912-லேயே அமைந்தது. ஆனால் அதன் அதிகாரமெல்லாம் திரையரங்கு வாசலோடு முடிந்தது. 1970-களின் இறுதியில் வீடியோ பிளேயர் வீடுகளுக்குள் நுழைந்தபோது, கேசட்டுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் கள்ளப் பிரதிக்குப் பயந்து தங்கள் படங்களைக் கேசட்டில் விடத் தயங்கின. அந்த இடைவெளியில் சிறு விநியோகஸ்தர்கள் புகுந்தார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் குறைந்த செலவில் எடுத்த திகில் படங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பளபளக்கும் அட்டை போட்டு, வீடியோ கடை முதல் பெட்ரோல் பங்க் வரை வாடகைக்கு விட்டார்கள். திரையரங்கில் வெட்டுப்பட்டு ஓடிய படமும், தணிக்கைக் குழு அடியோடு மறுத்த படமும் ஒரே அலமாரியில் முழுசாகக் கிடைத்தன. லூச்சோ ஃபுல்சியின் 'ஸாம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்' கேசட்டின் ஒரு பதிப்பை, அதை விற்ற விப்கோ கம்பெனி, வெட்டுப்படாத கடும் பதிப்பு என்று அட்டையிலேயே அச்சிட்டு விற்றது. வெட்டுப்படாதது என்பது அப்போதே ஒரு வியாபாரச் சொல்.

வினை அந்த அட்டைகளிலிருந்தே தொடங்கியது. 1982-இல் ஏபல் ஃபெராராவின் 'டிரில்லர் கில்லர்' படத்துக்கு, ஒருவன் நெற்றியில் துளைக்கருவி இறங்கும் படத்தைப் போட்டு விளம்பரம் வந்தது. புகார்கள் குவிந்தன. இத்தாலியப் படமான 'கேனிபல் ஹோலகாஸ்ட்'டை வெளியிட்டவர், பரபரப்புக்காகத் தன் படத்தைப் பற்றித் தானே மேரி வைட்ஹவுஸுக்குப் புகார் எழுதியதாக ஒரு கதை உண்டு. தொலைக்காட்சி ஒழுக்கத்துக்காக ஒரு சங்கத்தை நடத்தி வந்த இந்த அம்மையாரின் பெயர் அன்று பிரிட்டனில் தெரியாதவர் இல்லை. கதை உண்மையோ பொய்யோ, அவர் கவனம் வீடியோ பக்கம் திரும்பியது. பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. 'வீடியோ நாஸ்டி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1983-இல் 'டெய்லி மெயில்' நாளிதழ் இவற்றைத் தடை செய்யச் சொல்லி இயக்கமே நடத்தியது.

புதுச் சட்டம் வரும்வரை, கையில் இருந்த பழைய ஆபாச வெளியீட்டுச் சட்டத்தைக் கொண்டே போலீஸ் கடைகளைச் சோதனையிட்டது. எந்தப் படம் குற்றம், எது குற்றமில்லை என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, காவலருக்கும் தெரியவில்லை. சாமுவேல் ஃபுல்லரின் போர்ப் படமான 'தி பிக் ரெட் ஒன்' தலைப்பை வைத்தே தவறாகக் கைப்பற்றப்பட்டது என்று சொல்வார்கள். குழப்பத்தைத் தீர்க்க, அரசுத் தரப்பு வழக்குகளின் இயக்குநர் அலுவலகம் 1983 முதல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அது மாதாமாதம் கூடியும் குறைந்தும் வந்தது. ஏதோ ஒரு கட்டத்தில் அதில் இடம்பெற்றவை மொத்தம் 72 படங்கள். அவற்றில் 39 படங்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றன, மற்றவை விடுபட்டன. சாம் ரெய்மியின் 'ஈவில் டெட்' கதை இதில் விசித்திரமானது. தணிக்கைக் குழு 49 நொடிகளை வெட்டிச் சான்றிதழ் கொடுத்த அதே பதிப்புதான் 1983-இல் கேசட்டிலும் வந்தது. அப்படியிருந்தும் அதன்மீது வழக்குப் போட்டார்கள். ஒரு நீதிமன்றத்தில் குற்றம், இன்னொன்றில் குற்றமில்லை என்று தீர்ப்புகள் முரண்பட்டு, கடைசியில் விநியோகித்த பேலஸ் கம்பெனி விடுதலை பெற்றது. 'நைட்மேர்ஸ் இன் எ டேமேஜ்டு பிரெய்ன்' என்ற படத்தை விற்றவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1984-இல் அவர் சிறைக்குப் போனார். சான்றிதழ் பெற்ற பதிப்பைவிடக் கேசட் சுமார் ஒரு நிமிடம் நீளம்.

நாடாளுமன்ற உறுப்பினர் கிரஹாம் பிரைட் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது 1984 ஜூலையில் வீடியோ பதிவுச் சட்டமானது. 1985 செப்டம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இனி எந்தக் கேசட்டும் தணிக்கைக் குழுவின் சான்றிதழ் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மீறினால் 20,000 பவுண்டு வரை அபராதம். அதே 1984-இல் குழு தன் பெயரிலிருந்து தணிக்கை என்பதை எடுத்துவிட்டு வகைப்படுத்தல் என்று மாற்றிக்கொண்டது. சட்டப்படி அதற்கு அதிகாரம் வந்த ஆண்டிலேயே இந்தப் பெயர் மாற்றம் நடந்தது. படம் வீட்டில் பார்க்கப்படும் என்பதைச் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம், நிறுத்தி வைத்தும் பார்க்கலாம் என்பதே அதற்கு முக்கியக் காரணம். எனவே திரையரங்கில் வயதுவந்தோருக்கு அனுமதித்த காட்சியையும் கேசட்டில் வெட்ட வழி பிறந்தது.

அடுத்த 14 ஆண்டுகள் ஜேம்ஸ் ஃபெர்மனின் காலம். 1975-இல் குழுவின் தலைமைக்கு வந்த இவர் எடிட்டிங் தெரிந்தவர்; படத்தை மறுப்பதைவிட, தைத்த இடம் தெரியாமல் வெட்டுவதில் தேர்ந்தவர். 'டெக்ஸஸ் செயின் சா மேசகர்' மட்டும் அவர் கத்திரிக்கு அடங்கவில்லை. அந்தப் படத்தில் ரத்தம் குறைவு. மிரட்சி படம் முழுக்கப் பரவியிருந்தது. எதை வெட்டினாலும் மிரட்சி குறையவில்லை என்று அதை அப்படியே தடையில் வைத்தார்கள். மரமறுக்கும் இயந்திர வாளின்மேல் குழுவுக்கு இருந்த வெறுப்பு எந்த அளவுக்குப் போனது என்றால், வேறொரு படத்தின் தலைப்பிலிருந்தே அந்தச் சொல்லை எடுக்கவைத்தார்கள். அட்டையில் அந்த இடத்தில் வாளின் படம் மட்டும் நின்றது. 1974-இல் எந்த வெட்டும் இல்லாமல் திரையரங்குகளில் ஓடிய 'எக்ஸார்சிஸ்ட்' புதுச் சட்டத்தின்கீழ்க் கேசட் சான்றிதழ் கிடைக்காமல் கடைகளிலிருந்து மறைந்து, 1999 வரை திரும்பவில்லை.

இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடக்கத்தில் பேசியவர்கள் மிகச் சிலர். கல்வியாளர் மார்ட்டின் பார்க்கர் 1984-இலேயே கட்டுரைகளைத் தொகுத்து ஒரு நூல் கொண்டுவந்தார். பெரிய கட்சிகளில் எதுவும் அவர் பக்கம் நிற்கவில்லை. திகில் பட ரசிகர்கள் அப்போது அரசியல் தெரிந்த கூட்டமும் அல்ல. பெரும்பாலும் சிறு நகரத்து இளைஞர்கள். ஊர்வலம் போகவில்லை, நாடாளுமன்றத்தை முற்றுகையிடவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் எழுதியதும், பிரதியெடுத்ததும், ஒப்பிட்டதும்தான். போராட்டம் என்று சொன்னால் அவர்களே சிரித்திருக்கக்கூடும். ஆனால் பின்னாளில் வெற்றிக்குத் தேவையான சான்றுகள் எல்லாம் இந்த வேலையிலிருந்துதான் வந்தன.

'ஷாக் எக்ஸ்பிரஸ்', 'சாம்ஹெய்ன்', 'ஐபால்' போன்ற ரசிகர் சிற்றிதழ்கள் 1980-களின் நடுவிலிருந்து வரத் தொடங்கின. தட்டச்சு செய்து, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பும் வகையில் தொடங்கியவை சில. கடைகளில் விற்ற பளபளப்பு இதழ்களும் பின்னால் வந்தன. இவை விமர்சனத்தோடு நிற்கவில்லை. எந்த நாட்டுக் கேசட்டில் எந்தப் படம் எத்தனை நிமிடம் ஓடுகிறது, குழு எதை எடுத்தது, எடுத்ததால் கதை எங்கே புரியாமல் போகிறது என்று வரிவரியாக எழுதின. அமெரிக்காவில் டிம் லூகாஸ் 1990-இல் தொடங்கிய 'வீடியோ வாட்ச்டாக்' இந்த வேலையை ஒரு புலமைத் துறையாகவே ஆக்கியது. தமிழில் ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தவர்களின் பொறுமைக்கு இது சற்றும் குறைந்ததல்ல. சட்டமியற்றியவர்கள் எந்த ரீவைண்ட் பொத்தானுக்குப் பயந்தார்களோ, அதே பொத்தான்தான் ரசிகர்களுக்கு ஆய்வுக் கருவியானது.

முழுப் படம் வேண்டும் என்றால் கடல் கடந்துதான் வர வேண்டும். நெதர்லாந்துக் கேசட்டுகளுக்கு மவுசு அதிகம். ஒலி ஆங்கிலத்திலேயே இருக்கும், அடியில் டச்சு எழுத்து ஓடும், பிரிட்டன் பிளேயரிலும் அப்படியே பாடும். ஜப்பான் கேசட்டிலும் லேசர் டிஸ்க்கிலும் படத்தின் தரம் இன்னும் உயர்வு. ஆனால் அதற்கு அமெரிக்க முறையையும் படிக்கும் பிளேயர் வேண்டும். ஜப்பானியத் தணிக்கை ரத்தத்தை விட்டுவிட்டு உடலின் மறைவிடங்களை மட்டும் மங்கலாக்கும் என்பதால், தலை துண்டாகும் காட்சி தெளிவாகவும் அதற்கு முந்தைய குளியல் காட்சி பனிமூட்டமாகவும் தெரிந்தது. ஒருவர் இப்படி ஒன்றை வரவழைத்தால், இரண்டு பிளேயர்களைக் கம்பியால் இணைத்து நண்பருக்குப் பிரதி எடுத்தார், அவர் இன்னொருவருக்கு. நான்காம் ஐந்தாம் கைக்குப் போகும்போது நிறம் வழிந்து, முகம் மங்கி, ரத்தம் எங்கே இருட்டு எங்கே என்று தெரியாத நிலை. அந்த மங்கலுக்கே ஒரு கள்ளச்சுவை இருந்தது என்று அந்தத் தலைமுறை பின்னாளில் எழுதியது.

சட்டம் இதில் ஒரு ஓட்டை விட்டிருந்தது. சான்றிதழில்லாத கேசட்டை விற்பதுதான் குற்றம். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. 1985-க்கு முன் வந்த பழைய கேசட்டுகள் அதனால் அழியாமல் தப்பி, சேகரிப்பாளர்களிடம் விலை ஏறிக்கொண்டே போயின. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் தபால் பார்சலைச் சுங்கத் துறை 1876-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டிப் பறித்துக்கொள்ளலாம். பிரதி எடுத்து விற்றவர்களின் வீட்டுக் கதவையும் அதிகாரிகள் அவ்வப்போது தட்டினார்கள்.

1993-இல் லிவர்பூல் அருகே இரண்டு சிறுவர்கள் ஒரு குழந்தையைக் கொன்ற வழக்கு, தளர்ந்துகொண்டிருந்த பிடியை மறுபடி இறுக்கியது. தீர்ப்புச் சொன்ன நீதிபதி வன்முறை வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். பத்திரிகைகள் 'சைல்ட்ஸ் பிளே 3' படத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டன. அந்தச் சிறுவர்கள் அதைப் பார்த்ததற்குப் போலீஸ் எந்த ஆதாரமும் கண்டெடுக்கவில்லை. இருந்தும் 1994-இல் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஒரு படம் பார்ப்பவருக்கும், அவர் நடத்தை மூலம் சமூகத்துக்கும் விளைவிக்கக்கூடிய தீங்கைக் குழு கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது.

கதவு திறந்தது 1999-இல். ஃபெர்மன் விலகி ராபின் டுவால் வந்த அந்த ஆண்டே 'எக்ஸார்சிஸ்ட்', 'டெக்ஸஸ் செயின் சா மேசகர்' இரண்டும் முழுசாகக் கேசட்டுக்கு வந்தன. 2000-இல் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுப் புதிய விதிமுறை வெளியிட்டது. வயதுவந்தவர், சட்டத்துக்கு உட்பட்டு, தான் பார்ப்பதைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. இந்த மாற்றத்துக்கு ரசிகர்களின் சிற்றிதழ்கள் மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகையாகும். அதே ஆண்டு மே மாதம், அப்பட்டமான பாலியல் படங்கள் சிலவற்றுக்குச் சான்றிதழ் தர மேல்முறையீட்டுக் குழு சொன்ன தீர்ப்பை எதிர்த்துத் தணிக்கைக் குழு உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. தீங்கு என்று ஊகத்தில் சொல்ல முடியாது என்ற நிலை அங்கே உருவானது. திகில் ரசிகர்கள் 15 ஆண்டுகள் முட்டிய சுவரில் முதல் பெரிய விரிசல் விழுந்தது வேறொரு வகைப் படத்தால்.

டிவிடி வந்த காலமும் அதுதான். பழைய படங்களை மறுபடி விற்கக் கம்பெனிகளுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. முழுப் பதிப்பு என்ற இரண்டு சொல் அதற்குப் போதும். 'ஈவில் டெட்' 2001-இலும், 'டிரில்லர் கில்லர்' 2002-இலும், டாரியோ அர்ஜென்டோவின் 'டெனப்ரே' 2003-இலும், 'ஸாம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்' 2005-இலும் வெட்டின்றித் தேறின. ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பிய பட்டியல், கடைகளில் ஒரு விளம்பரப் பட்டியலாக மாறியது. பட்டியலில் இடம்பெறாமல் இருந்திருந்தால் இவற்றில் பாதியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சில படங்கள் முழுசாகப் பார்த்த பிறகுதான் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

எல்லாம் இவ்வளவு எளிதாக நடக்கவும் இல்லை. வெஸ் கிரேவனின் முதல் படம் 'லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்'. 2002-இல் இதில் 16 நொடிகளை எடுக்கக் குழு கேட்டது. விநியோகஸ்தர் மறுத்து மேல்முறையீடு செய்தார். திகில் ரசிகராகவே வளர்ந்து பெயர்பெற்ற விமர்சகர் மார்க் கெர்மோட், படத்தின் தகுதியைச் சொல்ல நிபுணர் சாட்சியாக நின்றார். சாட்சியைக் கேட்ட மேல்முறையீட்டுக் குழு, 16 நொடி போதாது, 31 நொடி எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே படம் 2008-இல் ஒரு நொடியும் குறையாமல் தேறியது. ஆறே ஆண்டுகளில் மாறியது படமும் சட்டமும் அல்ல, நாற்காலிகளில் இருந்தவர்களும் அவர்களது அளவுகோலும்தான்.

ருஜ்ஜேரோ டியோடாட்டோவின் 'கேனிபல் ஹோலகாஸ்ட்' வேறு வகைச் சிக்கல். அதில் மனிதர்கள் சாவது நடிப்பு. விலங்குகள் சாவது நிஜம். கேமராவுக்காக விலங்கைத் துன்புறுத்திய காட்சியைத் திரையிட 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதிக்கிறது. 2001-இல் இந்தப் படம் பல நிமிட வெட்டுகளோடு வந்தது. 2011-இல் குழு கேட்டது 15 நொடி மட்டுமே, ஒரு சிறு விலங்கு கொல்லப்படும் காட்சி. ரசிகர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு நொடி வெட்டினாலும் வெட்டுத்தான் என்றார்கள் சிலர். நடிப்பு ரத்தத்துக்காகத்தான் வாதாடினோம், நிஜ ரத்தத்துக்காக அல்ல என்றார்கள் வேறு சிலர். இந்தக் கேள்விக்கு முழுப் பதிப்பு வேண்டும் என்ற கோஷத்தில் விடை இல்லை.

2009 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றுமுன் ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். அன்று யாரும் அதைச் செய்யவில்லை. அதனால் கால் நூற்றாண்டு காலம் கடைக்காரர்களைத் தண்டித்த சட்டத்தை அமல்படுத்தவே முடியாது என்று தெரியவந்தது. அரசு அவசரமாக 2010 ஜனவரியில் அதே சட்டத்தை மறுபடி இயற்றியது. முன்பு தண்டனை பெற்றவர்கள் இதைக் காட்டி வழக்கைப் புரட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டது.

ஜெர்மனியிலும் இதே போன்ற சண்டை நடந்தது, இன்னும் இறுக்கமாக. அங்கே ஒரு நீதிமன்றம் பறிமுதல் உத்தரவு போட்டால் அந்தப் பதிப்பை நாடு முழுதும் விற்க முடியாது; ரசிகர்கள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் வாங்கினார்கள். 'ஈவில் டெட்' வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. மனிதருக்கு எதிரான கொடுமையைக் கொண்டாடுவதைத் தடுக்கும் சட்டம், செத்து எழுந்த பேய்ப்பிணங்களுக்குப் பொருந்தாது என்று 1992-இல் நீதிமன்றம் சொன்னது. சட்டமியற்றுவோர் 2004-இல் 'மனிதரைப் போன்ற உயிர்கள்' என்று சேர்த்து அந்த வழியை அடைத்தார்கள். ஸாம்பிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்த கதை இது. 'டெக்ஸஸ் செயின் சா மேசகர்' மீதிருந்த பறிமுதல் உத்தரவை டர்பைன் என்ற சிறு வீடியோ நிறுவனம் வழக்காடி 2011-இல் நீக்கியது.

அமெரிக்காவில் வீடியோவை வெட்டும் சட்டம் எதுவும் இல்லை. அங்கே கத்திரி படம் வெளிவருமுன்பே வேலை செய்தது. 1968 முதல் தயாரிப்பாளர் சங்கம் படங்களுக்கு வயதுத் தரம் கொடுத்து வந்தது. 'ஆர்' தரம் கிடைத்தால்தான் பெரிய திரையரங்குகள் படத்தை எடுக்கும். அதற்குமேல் போனால் விளம்பரமே கிடைக்காது. ஆகவே கம்பெனிகள் தாங்களே வெட்டி வெட்டி, மறுபடி மறுபடி காட்டி, தரம் வாங்கின. 1980-இல் 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' பெற்ற வசூலும் வசவும் சங்கத்தை உஷாராக்கின. அடுத்த ஆண்டு வந்த 'மை பிளடி வேலன்டைன்' அதன் சூட்டில் மாட்டியது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு நிஜ நிலக்கரிச் சுரங்கத்தில் ஜார்ஜ் மிஹால்கா எடுத்த படம் இது. கொலைக் காட்சிகள் எல்லாமே அடிவாங்கி, கொலையாளி கருவியை ஓங்குவதும் பிணம் கிடப்பதும்தான் எஞ்சின.

அமெரிக்க ரசிகர்கள் வெட்டப்பட்ட காட்சிகளைப் பற்றி அறிந்தது 'ஃபாங்கோரியா' பத்திரிகையின் வண்ணப் படங்களால். ஒப்பனைக் கலைஞர் ரப்பரில் செய்த தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இதழில் இருக்கும், திரையில் இருக்காது. அந்த இடைவெளிதான் பல பத்தாண்டு கால மனுக்களுக்கும் கடிதங்களுக்கும் தூண்டுகோல். 'மை பிளடி வேலன்டைன்' ரசிகர்களுக்கு 28 ஆண்டு கழித்து விடை கிடைத்தது. 2009-இல் அந்தப் படத்தின் மறுஆக்கம் திரைக்கு வந்தபோது, லயன்ஸ்கேட் கம்பெனி சுமார் 3 நிமிடக் காட்சிகளைச் சேர்த்து டிவிடி வெளியிட்டது. சேர்த்த துண்டுகளின் நிறமும் தரமும் மற்றதோடு ஒட்டவில்லை. வெட்டு எங்கெங்கே விழுந்தது என்பது முதல்முறையாகக் கண்ணுக்கே தெரிந்தது.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. பிரிட்டனில் வெட்டப்பட்ட படத்துக்கு முழுப் பிரிண்ட் வேறு ஏதோ நாட்டில் இருந்தது. காத்திருந்தால் போதும், சட்டம் மாறும் நாளில் கொண்டுவரலாம். அமெரிக்கக் கம்பெனி வெளியீட்டுக்கு முன்பே வெட்டியதற்கு உலகில் எங்குமே முழுப் பிரிண்ட் கிடையாது. துண்டு நெகட்டிவைக் கிடங்கில் வைக்க வாடகை ஆகும் என்று பல கம்பெனிகள் தூக்கிப் போட்டுவிட்டன. 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' ஏழாம் பாகத்தை ஜான் கார்ல் பெக்லர் எடுத்தார். தொடரிலேயே கத்திரியிடம் அதிகம் இழந்த பாகம் இதுதான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அவர்கள் எத்தனை முறை கேட்டும், 2009 டிவிடியில் கம்பெனி தர முடிந்தது எடிட்டிங் மேசையில் எடுத்த மங்கலான வீடியோப் பிரதி மட்டுமே. சட்டத்தோடு வாதாடலாம், குப்பைத்தொட்டியோடு முடியாது.

இந்த விதியை உடைத்த ஒரு பெரிய வெற்றி கிளைவ் பார்க்கரின் 'நைட்பிரீட்'. தன் 'கபால்' என்ற குறுநாவலை வைத்து 1990-இல் அவர் எடுத்த படத்தில் அரக்கர்கள் நல்லவர்கள், மனிதர்கள் கொடியவர்கள். இதை எப்படி விற்பது என்று கம்பெனிக்குப் புரியவில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடிய படத்தை 102 நிமிடமாகச் சுருக்கி, வழக்கமான கொலைப் படம்போல விளம்பரம் செய்து, தோற்றது. இங்கே வெட்டு ரத்தத்துக்காக விழவில்லை, கதைக்கே விழுந்தது. நாவலைப் படித்தவர்களுக்குக் காணாமற்போனது என்னென்ன என்று தெரியும். 2009 வாக்கில் பார்க்கரின் அலுவலகத்தில் பழைய வீடியோ கேசட்டுகளில் ஆரம்ப வெட்டுகள் கிடைத்தன. டர்பி பல்கலைக்கழகத்தில் சினிமா கற்பித்த ரசல் செரிங்டன், அவற்றையும் டிவிடியையும் கோத்து 155 நிமிடத்துக்கு ஒரு பதிப்பு செய்தார். 2012 முதல் அது ஊர் ஊராகத் திரைவிழாக்களில் ஓடியது. பாதிக் காட்சிகள் மங்கல், பாதி தெளிவு; ரசிகர்கள் அரங்கை நிரப்பினார்கள். அதே ஆண்டு, படத்தில் அரக்கர்கள் வாழும் மிடியன் என்ற ஊரின் பெயரைச் சேர்த்து 'ஆக்குபை மிடியன்' என்று ஒரு கையெழுத்து இயக்கம் தொடங்கியது. விற்க முடியும் என்று அந்தக் கையெழுத்துகள் காட்டியதால், ஸ்க்ரீம் ஃபேக்டரி என்ற நிறுவனம் கிடங்குகளைத் தேடியது. இல்லை என்று சொல்லப்பட்ட மூலப் படச்சுருள்கள் அங்கே இருந்தன. 2014-இல் பார்க்கரே மேற்பார்த்த, சுமார் 120 நிமிடப் பதிப்பு புளூ-ரேயில் வந்தது.

அதுவும் எல்லோரையும் மகிழ்விக்கவில்லை. 155 நிமிடத்தில் பழகியவர்களுக்கு 120 நிமிடம் குறைவாகப் பட்டது. இயக்குநர் விரும்பிய பதிப்பும் எல்லாம் அடங்கிய பதிப்பும் ஒன்றல்ல என்பதை ரசிகர்கள் இங்கே கற்றார்கள். வெட்டுகளில் சில தணிக்கையால், சில கம்பெனியால், சில இயக்குநரின் சொந்த நல்ல புத்தியால் விழுந்தவை. மூன்றையும் ஒரே பெயரால் கேட்டு வந்தது இயக்கத்தின் பலவீனம். கம்பெனிகள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. தரம் பெறாத பதிப்பு என்று அட்டையில் போட்டு, உள்ளே அர்த்தமில்லாத சில நொடிகளைச் சேர்த்து விற்பது 2000-களில் அமெரிக்க டிவிடிகளின் வாடிக்கை.

இதற்கு நடுவே, பிரிட்டனில் கம்பெனி வெட்டிய ஒரு படத்துக்கும் நீண்ட தேடல் நடந்தது. 1973-இல் ராபின் ஹார்டி எடுத்த 'விக்கர் மேன்' படத்தைக் கம்பெனி 88 நிமிடமாகக் குறைத்தது. அதன் நெகட்டிவ் எம்-3 நெடுஞ்சாலையின் அடித்தளத்தில் புதைந்தது என்று ஒரு கதை உலவியது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனிடம் இருந்த ஒரு நீளமான பிரிண்ட் கைகொடுத்தது. 2013-இல் உரிமையாளர் நிறுவனம் ரசிகர்களையே வெளிப்படையாக உதவி கேட்டுத் தேடியபோது, ஹார்வர்டு பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரிண்ட் அகப்பட்டது. அதை வைத்து அந்த ஆண்டு புதிய பதிப்பு வந்தது. கென் ரசலின் 'தி டெவில்ஸ்' (1971) அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. மார்க் கெர்மோட் கண்டெடுத்த தொலைந்த காட்சிகளைச் சேர்த்த பதிப்பு 2004-இல் லண்டனில் திரையிடப்பட்டும், 2012-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் விட்ட டிவிடியில் அவற்றைச் சேர்க்க உரிமையாளரான வார்னர் இசையவில்லை.

பிரிட்டனில் இப்போது வெட்டு அரிது, ஆனால் போய்விடவில்லை. 2010-இல் 'எ செர்பியன் ஃபிலிம்' படத்தில் 49 இடங்களில் மொத்தம் 4 நிமிடம் 11 நொடி எடுக்கச் சொன்னார்கள். லண்டனின் ஃபிரைட்ஃபெஸ்ட் விழா அதை வெட்டித் திரையிடுவதைவிடக் காட்டாமலே விடுவது மேல் என்று விலக்கியது. 2011-இல் 'ஹியூமன் சென்டிபீட்' இரண்டாம் பாகம் முதலில் மறுக்கப்பட்டு, பிறகு 32 வெட்டுகளோடு தேறியது. எதை ஏன் வெட்டினோம் என்பதைக் குழு இன்று தானே வெளியிடுகிறது. சிற்றிதழ் நடத்தியவர்களும் எழுதியவர்களும் பலர் இப்போது ஆரோ போன்ற நிறுவனங்கள் விடும் புளூ-ரே பெட்டிகளுக்குக் கையேடு எழுதுகிறார்கள், விளக்கவுரை பேசுகிறார்கள். 'ஐபால்' நடத்திய ஸ்டீபன் த்ரோவர் ஃபுல்சியைப் பற்றித் தனி நூலே எழுதியவர். அந்தப் பெட்டிகளில் பல வரையறுத்த எண்ணிக்கையில் அச்சாகி, விலையேறி, மறுவிற்பனைக்கு வருகின்றன. 1983-இல் கடைக்காரரிடமிருந்து போலீஸ் பறித்த அதே படங்களின் பழைய கேசட்டுகளும் அதே சந்தையில் விற்பனையாகின்றன.